செல்வண்ணன் மறந்த கோல்

08.11.1996, வெள்ளி இரவு, கராமா

இன்று லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ரூமில் நானும் செல்வண்ணனும் ஹாக்கி பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு பேருமே கோவில்பட்டி. பழைய மைதானத்து மரக் கேலரியில் ஒன்றாக உட்கார்ந்து மேட்ச் பார்த்தவர்கள். போலீஸ் டீமுக்கு எதிராக ரயில்வே கடைசி நிமிடத்தில் போட்ட கோலை அண்ணன் நூறு தடவை சொல்லியிருப்பார். இன்றும் சொன்னார். கேலரியே ஆடியது, முன்னால் இருந்தவர் மூக்குக்கண்ணாடி உடைந்தது, ஒன்றையும் விடவில்லை.

டீயைக் குடித்துவிட்டு, "எலே, அந்த ரயில்வே மேட்ச் ஞாபகம் இருக்கா?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை பாதியில் நின்று, "யாருலே ஜெயிச்சா?" என்றார். அவர் முகத்தில் பயம் தெரிந்தது.

புதன்கிழமை கட்டட சைட்டில் சாரத்திலிருந்து ஒரு குழாய் அவர் ஹெல்மெட்டில் விழுந்தது. "ஒண்ணுமில்லலே. ஆஸ்பத்திரின்னு போனா விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவான். போர்மேன்ட்ட சொல்லிராத" என்றார். தை மாதம் அவர் தங்கச்சிக்குக் கல்யாணம். நானும் சொல்லவில்லை.

எட்டு மணிக்கே படுத்துவிட்டார். குறட்டை ஒரு மாதிரி இருக்கிறது, இப்படி அவர் விட்டதே இல்லை. இவ்வளவும் எழுதிவிட்டு, மனசு கேட்காமல் போய் உலுக்கினேன். கண்ணைப் பாதி திறந்து, "கேட்டைத் திறந்துட்டானாலே? கேலரில எடம் போயிரும்" என்றார்.

ஊருக்கு அனுப்பினால் அனுப்பட்டும். கீழ்வீட்டு டாக்ஸிக்கார பாயை எழுப்பப் போகிறேன்.