ஹோப்மேன் என்று சொன்னது யார்

மே 4, ஞாயிறு

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்குது. அஸ்தம்பட்டி முழுக்கக் கரண்ட் இல்லை. வாங்க: தயிர், கறிவேப்பிலை, டேங்க் வால்வு.

எடிட்டர் பெண்ணிடமிருந்து மெயில். என் இங்கிலீஷ் நாவலில் வரும், போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரன் பேச்சு அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதாம். ஆனால் பாதிச் சொல் எந்த அகராதியிலும் இல்லையாம். எவை ஆட்கள் நிஜமாகப் பேசுவது, எவை நான் உண்டாக்கியது, பிரித்துத் தரணும். புத்தகத்தின் கடைசியில் குறிப்பு போடுவார்கள்.

இதில் பிரிக்க என்ன இருக்கு. எல்லாம் அண்ணன் பேசினது. போர் வண்டியோடு ஊர் ஊராகப் போய், பாதி இந்தி பாதி இங்கிலீஷில் சமாளித்தவன். எதன் பின்னாலும் ஒரு ‘ஃபுல்’ ஒட்டுவான். தண்ணி வராத போர் ட்ரைஃபுல். இருமல் வந்தால் டஸ்ட்ஃபுல். காலேஜ் படித்த நான் கோபமாக முகத்தை வைத்துக்கொண்டால் காலேஜ்ஃபுல்.

ஒன்று மட்டும் என்னுடையது. ஹோப்மேன். போர் இறங்கும்போது பக்கத்திலேயே நின்று, தண்ணி வருமா என்று, வரும் புழுதியையே பார்த்துக்கொண்டிருக்கும் காட்டுக்காரர், நிலத்துச் சொந்தக்காரர். லோடுமேன் மாதிரி, அதுவும் ஒரு வேலை போல. ராசிபுரம் தாண்டி பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அப்போது அண்ணன் இறந்து போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

மே 5, திங்கள்

புழுக்கம். மழை வரும் வரும் என்று ஏமாற்றுகிறது.

சாட்சிக்கு நங்கை, அண்ணன் பெண்டாட்டி. திருச்செங்கோட்டுக்குப் போன் போட்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். சிரித்தாள், கொஞ்ச நேரம் அழுதாள். ஆமாம், ஆமாம் என்றாள். வாய் தவறி ஹோப்மேனையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

“அதுவா? பாப்பா பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னாரல்லோ. உள்ள வந்ததும், ‘இன்னிக்கு நாந்தான் ஹோப்மேன்’னாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது அம்மிணி.”

பாப்பாவுக்கு இப்போது பத்து வயசு.

மே 6, செவ்வாய்

கோழிக்கறி எடுக்கலாம் என்று போய், வெறுங்கையோடு திரும்பினேன்.

யோசிக்க யோசிக்க: நங்கை பொய் சொல்கிறவள் இல்லை. போன தீபாவளிக்கு நான்தான் ஹோப்மேன் வரும் அத்தியாயத்தை அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அது உள்ளே போய் அண்ணன் குரலில் உட்கார்ந்துவிட்டது. அல்லது அவன் நிஜமாகவே சொல்லி, எப்போதோ என் காதிலும் விழுந்து, பஸ்ஸில் என்னுடையது மாதிரி வந்தது.

அப்படியென்றால் காலேஜ்ஃபுல்? அதை அவன் சொன்ன இடம், சட்டை, எதுவும் கண்ணில் வரவில்லை. நாவலில் அது வரும் பக்கம்தான் வருகிறது. பயமாக இருக்கிறது. அவனைக் காப்பாற்றி வைக்கத்தான் எழுதினேன்.

மே 7, புதன்

நங்கையிடம் அவன் குரல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

“ஒண்ணே ஒண்ணு இருக்குது. நா கேக்கறதில்ல. கேட்டா அன்னிக்குச் சோறு எறங்காது. உனக்கு வேணும்னா அனுப்பறேன். பொஸ்தகம் வந்ததும் எனக்குப் படிச்சுக் காட்டோணும். நீ படிச்சாத்தான் அவரு பேசற மாதிரியே இருக்குது.”

வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. திறக்கவில்லை. சாயங்காலம் நாலு துளி மழை, மண் வாசனை மட்டும்.

மே 8, வியாழன்

லீவு போட்டேன். டேங்க் வால்வு மாட்ட ஆள் வந்து போனார். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

பின்னால் கம்ப்ரசர் சத்தம். “பாப்பா தூங்கிட்டாளா? இங்க தண்ணியே இல்ல. நாளைக்குப் பொறப்பட்டு வாரேன். நீ சாப்புடு.”

அவ்வளவுதான். குரல் மெலிசு. அண்ணனுக்கு இவ்வளவு மெலிசான குரலா? ஒரு ட்ரைஃபுல் இல்லை, ஒன்றும் இல்லை. யாரோ அவனைப் போலப் பேசிப் பார்த்துச் சரியாக வராதது மாதிரி இருந்தது.

மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை போட்டுவிட்டுப் பார்க்கிறேன், ப்ரூஃப் தாளின் ஓரத்தில் அவன் சொன்னதை எழுதி, ‘தண்ணியே இல்ல’வை அடித்து, மேலே ‘ட்ரைஃபுல்’ என்று போட்டிருக்கிறேன்.