மவுஸா, பேனாவா

ஜோகன்னஸ்பர்க்

அன்புள்ள லிம்பானிக்கு,

உங்களுக்கும் நம் மகள் மடலிட்சோவுக்கும் என் அன்பு. உங்கள் இருமல் குறைந்ததா? நான் நலம். வலது மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் வீங்கியிருந்தது, இப்போது வற்றிவிட்டது.

வீக்கம் மவுஸால் வந்தது. ஒரு மணப்பெண்ணின் படத்தில் பின்னணியை மாற்ற, கணினியில் அவள் சடைகளை ஒவ்வொன்றாக ஓரம் வெட்டிப் பிரித்தேன். ஸ்டூடியோ முதலாளி நொம்ஃபுண்டோ பார்த்துவிட்டு, "என்னம்மா, கத்தரிக்கோலால வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு? வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலேன்னா வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார்.

அலமாரியில் யாரும் தொடாத பேனா டேப்லட் ஒன்று கிடந்தது. பலகையில் வரைந்தால் கோடு திரையில் விழும். கையைப் பார்க்கக் கூடாது. முதல் நாள் என் கோடு குடிகாரன் நடைபோல் போயிற்று.

"அக்கா, பழகின மவுஸையே பிடிங்க. வேலை போயிடப் போகுது" என்று சிரித்தான், கூட வேலை செய்யும் தாபோ.

"மவுஸைப் பிடிச்சா நிச்சயமா போகும்டா" என்றேன்.

மூன்று நாள் மடலிட்சோவின் பெயரையே எழுதி எழுதிக் கையைப் பழக்கினேன். பிறகு அழுத்தினால் தடித்தது, தளர்த்தினால் மயிரிழையானது கோடு. வெள்ளிக்கிழமை மணப்பெண் திரையருகே குனிந்து, "அட, காதோரம் பறக்கிற முடிகூட இருக்கே!" என்றாள். நொம்ஃபுண்டோ புகழவில்லை. "அந்த டேப்லட் இனி உன் மேசையிலயே இருக்கட்டும்" என்றார்.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் காய்ந்த உசிப்பா மீன் கொடுத்தனுப்புங்கள். மடலிட்சோவைத் தாளில் நிற்கவைத்து, காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அனுப்புங்கள்; செருப்பு வாங்க வேண்டும். இதை எடுத்துப்போகும் பேருந்து கிளம்பப் போகிறது. அளவு பார்க்கக் கடைக்காரருக்கு ஒரு கால் போதும். எனக்காக நீங்கள் இரண்டையும் வரையுங்கள்.

உங்கள் தியாமிகே