இன்றிரவு விளக்கு விடிய விடிய எரியும்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை அறிவிப்பு: காற்று பலமாக இருப்பதால் அக்கரைப் படகு இன்று இல்லை. பிறப்புப் பதிவு எழுத்தர் வியாழக்கிழமை வருகிறார்; பெயரை முடிவு செய்துகொண்டு வரவும் (சென்ற முறை ஒரு வீட்டார் அவர் மேசை முன்னாலேயே சண்டை போட்டார்கள்). தோரோவின் கறுப்புப் பன்றியைக் காணவில்லை.

ஊர்மன்றத்து ஒலிபெருக்கியில் நான் வாசிப்பதற்குச் சம்பளம் கிடையாது. கொடுத்தாலும் வாங்கமாட்டேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, சொல்லை விழுங்காமல் வாசிக்கக் கன்னியர் பள்ளியில் கற்றவள் இந்தத் தீவில் நான் ஒருத்திதான்.

பிற்பகலில் வெயில். என் வெள்ளை உடையை எடுத்துக் காயப்போட்டேன். பூச்சி இல்லை. கண்ணாடி விளக்கையும் துடைத்து வைத்தேன். ஐந்து மின்குமிழ்கள், என் கணவர் பௌலினோ மணிலாவிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது. அவர் சவப்பெட்டியின் மேல் ஐந்து இரவும் எரிந்தது. என் பெட்டியின் மேலும் எரிய வேண்டும். எழுதி வைத்திருக்கிறேன்.

இங்கே மற்ற நாட்களில் இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்றுவிடும். மரித்தவருக்கு மட்டுமே விடிய விடிய மின்சாரம், ஆளுக்கு ஐந்து இரவு. பௌலினோ ஊர்த்தலைவராக, கப்பித்தானாக இருந்தபோது மன்றம் வகுத்த விதி. நல்ல விதி. ஏழைக்கும் ஐந்து, எனக்கும் ஐந்து.

பிப்ரவரி 9, திங்கள்

அந்த இஸ்கா அக்கரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டாள். நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிக் கரை சேர்த்தார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். போகவில்லை.

பேச்சு நின்று பல வருடமாகிறது. என் பின்சுவரை ஒட்டித்தான் அவளுடைய பாட்டுக் கடை. நான் ஜெபமாலையில் மூன்றாவது தேவ இரகசியத்துக்கு வரும்போது யாராவது ஒரு குடிகாரன் மைக்கைப் பிடித்துக் காதல் பாட்டை ஆரம்பிப்பான். மன்றத்தில் முறையிட்டேன். அவள் எழுந்து, "தோன்யாவுக்குக் காது ரொம்ப நல்லா கேக்குது, அதான் அவங்களுக்கு வியாதி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தோன்யா என்று சீமாட்டிகளைத்தான் அழைப்பார்கள். அவள் வாயில் அது வசவு.

இப்போது கடை பூட்டியிருக்கிறது. அமைதி.

பிப்ரவரி 11, புதன்

அமைதி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம். மரம் அறுப்பதுபோல. படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருக்கிறாள் போலிருக்கிறது, நாற்காலி கிரீச்சிடுகிறது. பாட்டாவது ஒரு நேரத்தில் நிற்கும்.

அவள் மகள் மரிசெல் அறிவிப்பு கொடுக்க வந்தாள். தாயைப்போல் தோன்யா என்பதில்லை; ஊராரைப்போல் மனாங், அக்கா என்றுதான் அழைப்பாள். "பெரிய பேட்டரி யார்கிட்டயாவது இருக்கான்னு கேளுங்க மனாங். படகு பேட்டரி ரெண்டு போட்டுப் பாத்தோம், தாங்கல. பகல்ல அம்மா சமாளிச்சுக்குவாங்க. தூங்குறப்பதான் மூச்சு மெஷின் ஓடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"கடை ஜெனரேட்டர் என்ன ஆனது?"

"வித்துட்டோம். ஆஸ்பத்திரிக்கு."

"அக்கரையிலேயே வைத்துக்கொள்ளக் கூடாதா?"

"கேட்டுப் பாத்தேன். என் வீட்டுச் சுவரப் பாத்துக்கிட்டுத்தான் சாவேன்னுட்டாங்க."

அவள் வீட்டுச் சுவர் என்பது என் வீட்டுச் சுவரும்தான்.

அறிவிப்பை வாசித்தேன். பேட்டரி யாரிடமும் இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

பூசை முடிந்து மன்றக் கூட்டம். இருபது பேர்கூட இல்லை. கணவாய் மீன் பருவம் என்று வடமுனைக்காரர்கள் கடலுக்குப் போய்விட்டார்கள்.

மரிசெல் எழுந்து, இரவில் ஜெனரேட்டரை ஓடவிட வேண்டும் என்று கேட்டாள். கப்பித்தான் ஆர்செனியோ கெட்டவன் அல்ல. தலையைச் சொறிந்தான். "மாசத்துக்கு இத்தன பீப்பாய்னு அளந்துதான் அக்கரையிலருந்து அனுப்புறான். சாவு வீட்டுக்குன்னு ஒதுக்கி வச்சதுல கை வைக்க முடியாது தங்கச்சி. விதி அப்படி."

பின்னாலிருந்து தோரோ சொன்னான்: "அப்போ இஸ்கா செத்தாத்தான் மூச்சு விட முடியும்னு சொல்லு."

வேடிக்கையாகத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. மரிசெல் உட்கார்ந்துவிட்டாள்.

நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன்? வீட்டிலிருந்து புறப்படும்போது அந்த எண்ணமே இல்லை.

"ஆர்செனியோ, நான் நாளை செத்தால் எனக்கு ஐந்து இரவு உண்டா?"

"என்ன மனாங் இப்படிப் பேசுறீங்க—"

"உண்டா, இல்லையா?"

"உண்டு."

"டீசல் இருக்கிறதா?"

"இருக்கு."

"அப்படியானால் நான் செத்துப்போனதாக வைத்துக்கொள். அந்த ஐந்தையும் அவளுக்குக் கொடு. பிறகு எனக்கு ஒன்றும் வேண்டாம்."

மரிசெல் என் கையைப் பிடித்துக்கொள்ள வந்தாள். இது தயவு அல்ல, எனக்குச் சேர வேண்டியதை எனக்கு விருப்பமான இடத்தில் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கண்ணாடி விளக்கைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான். சரி.

பிப்ரவரி 16, திங்கள்

ஆண்டவரே, என்ன காரியம் செய்துவிட்டேன்.

காலையில் வழக்கம்போல வாசித்தேன். படகு உண்டு. தோரோவின் பன்றி கிடைத்தது. பிறகு: "இன்றிரவு விளக்கு விடிய விடிய எரியும். பிரான்சிஸ்கா அபெல்யானோ இல்லத்தில்."

அந்த வாக்கியத்தை நான் வேறு எந்த விதமாகவும் வாசித்ததில்லை. வேறு விதமாக வாசிக்கத் தோன்றவும் இல்லை. அது சாவுச் செய்தி. தீவில் குழந்தைக்கும் தெரியும்.

வடமுனைக்காரர்கள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அரிசி, விறகு, மெழுகுவர்த்தி. மீன் விற்கும் லுதிவினா, பிள்ளை உண்டாகியிருக்கிற நிலைமையில், தலையில் அரிசிச் சாக்கோடு அழுதுகொண்டே மணலில் நடந்து வந்திருக்கிறாள். உள்ளே போனால் இஸ்கா நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள். லுதிவினா போட்ட கூச்சல் என் வீடுவரை கேட்டது.

நேரில் போய் மன்னிப்புக் கேட்பதுதான் முறை. போனேன். 

"வா தோன்யா," என்றாள் இஸ்கா. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருமுறை மூச்சு வாங்கினாள். பாதியாகிவிட்டாள். கண் மட்டும் அப்படியே. "என்னக் கொன்னுட்டியே. கொன்னதுதான் கொன்ன, ரெண்டு வார்த்த நல்லதா சொல்லக் கூடாதா?"

"தவறு என்னுடையது. மன்னிக்க வேண்டும்."

"முழுப் பேரு சொல்லிப் படிச்ச பாரு, பிரான்சிஸ்கான்னு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு." பிறகு கூட்டத்தைப் பார்த்து: "எதுக்கு முழிச்சுக்கிட்டு நிக்குறீங்க? அரிசியத் திருப்பித் தூக்கிட்டுப் போகப் போறீங்களா? ஒலைய வைங்க. சீட்டக் கலைங்க. செத்தப்புறம் நீங்க வெளயாடுறத நான் எங்க பாக்கறது!"

சாவு வீட்டில் ஆடுவதுபோலவே சீட்டாடினார்கள். அவளைப் பற்றி அவள் முன்னாலேயே நல்லதும் கெட்டதும் பேசினார்கள். கெட்டதற்குத்தான் அவள் அதிகம் சிரித்தாள், இருமல் வந்துவிட்டது.

பத்து மணிக்கு விளக்கு அணையவில்லை. சுவருக்கு அப்பால் இயந்திரத்தின் சீரான சத்தம். நாற்காலி கிரீச்சிடவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

மரிசெல்லிடம் இஸ்கா சொல்லி அனுப்பியது, அப்படியே: "அந்தக் கண்ணாடி வெளக்கக் கொண்டு வரச் சொல்லு. அவ பொட்டிக்குள்ள கண்ண மூடிக்கிட்டுக் கெடக்கறப்ப அது எரிஞ்சா என்ன, எரியாட்டி என்ன? எவ பாக்கறா?"

மரியாதை கெட்ட பேச்சு. ஆனாலும் கொண்டுபோனேன். தோரோ உத்தரத்தில் கட்டினான். நான் அதற்கு நேர் கீழே உட்கார்ந்து பார்த்தேன். பௌலினோவின்போது தலையை நிமிர்த்தவே இல்லை, இன்றுதான் பார்த்தேன்.

நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

என்னுடைய ஐந்து இன்றோடு தீர்கிறது. கண்ணாடி விளக்கைக் கழற்றிக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே காலையில் மன்றத்துக்குப் போனேன். வாசலில் தோரோ நின்றான்.

"என் அஞ்சையும் போட்டுக்கங்க மனாங். நான் எப்படியும் கடல்லதான் போவேன். மீனுக்கு எதுக்கு ஜெனரேட்டரு?"

ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொன்னேன். இம்முறை வாக்கியத்தை ஒழுங்காக அமைத்தேன்: யாருடைய இரவு, யாருக்கு, அவர் உயிரோடு இருக்கிறார் என்பது உட்பட.

மாலைக்குள் வடமுனையிலிருந்து ஆறு பேர் தங்கள் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். ஆர்செனியோ பீப்பாய்களைத் தட்டித் தட்டிப் பார்த்தான். "எல்லாரும் செத்துட்டா யாருக்கு நான் கப்பித்தான்?" என்றான். பிறகு தன் பெயரையும் சொன்னான்.

மார்ச் 8, ஞாயிறு

பெயர் கொடுக்க இன்னும் ஆட்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். இஸ்கா என்னிடம் சீட்டாட்டத்தில் தோற்றாள். விட்டுக்கொடுத்தாளோ என்று சந்தேகம். கேட்டேன். "ஒனக்குப் போயா?" என்றாள்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

பாடுகளின் வாசகத்தை அவள் வீட்டில் அவளுக்காக வாசித்தேன். கோவிலுக்கு வர முடியவில்லை. பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஆண்டவரத் தெரியாதுன்னு மூணு தடவ மறுதலிச்சவருக்குத்தான மோட்சத்துச் சாவியக் குடுத்தாரு?"

"ஆமாம்."

"அப்போ எனக்கும் வாசல்ல எடம் இருக்கு."

உனக்கு என்ன குறை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நீர் கொடுத்தேன்.

மே 12, செவ்வாய்

மதியம். இஸ்கா சாப்பிட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மரிசெல் பாத்திரம் கழுவிவிட்டு வந்தபோது உயிர் இல்லை.

மே 13, புதன்

மரிசெல் விடியற்காலையில் மன்றத்துக்கே வந்துவிட்டாள்.

"விளக்குன்னு படிக்காதீங்க மனாங். அம்மாவோட அஞ்சு அப்படியே இருக்கு. அவங்களோடத மட்டும் ஒருநாளும் எடுக்க விடல. ஒங்களுக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"எனக்கா?"

"தோன்யா இருட்டுல கெடந்து பழக்கமில்லாதவ, அவளுக்குக் குடுத்துருன்னாங்க."

காலை அறிவிப்பு: பிரான்சிஸ்கா அபெல்யானோ நேற்று மதியம் ஆண்டவரில் இளைப்பாறினார். இன்றிரவு விளக்கு—

அங்கே நின்றுவிட்டேன். இத்தனை காலத்தில் ஒருமுறைகூட வாக்கியத்தின் நடுவில் நின்றதில்லை. ஒலிபெருக்கி திறந்தே இருந்தது; தீவு முழுவதும் என் மூச்சைக் கேட்டிருக்கும். பிறகு சொன்னேன்: வழக்கம்போல் பத்து மணிக்கு அணையும். வருகிறவர்கள் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொண்டுவரவும்.

கொண்டுவந்தார்கள். கண்ணாடி விளக்கு அவள் தலைக்கு மேல் எரியாமலே தொங்கியது. அத்தனை மெழுகுவர்த்திகளின் வெளிச்சமும் அதில் இருந்தது.

ஜூன் 7, ஞாயிறு

பின்சுவர்ப் பக்கம் சத்தமே இல்லை. ஜெபமாலை ஐந்து இரகசியமும் தடையின்றி முடிந்தது. எந்த மணியில் இருக்கிறேன் என்பதை மூன்றாவதில் மறந்துவிட்டேன்.

ஜூலை 21, செவ்வாய்

கடல் கொந்தளிப்பு. நாள் வருவதற்கு முன்பே லுதிவினாவுக்கு வலி கண்டுவிட்டது. அக்கரைப் படகு கிளம்ப வழியில்லை. மருத்துவச்சி நேரே என் வீட்டுக்கு வந்தாள். "குழந்தை திரும்பிக் கிடக்கு மனாங். எத்தன நேரமாகும்னு தெரியல. டார்ச்ச வாயில கடிச்சுக்கிட்டு என்னால முடியாது." இஸ்காவின் ஐந்து என்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியும்.

காலை அறிவிப்பு நேரம் தாண்டிவிட்டது. ஆனாலும் மன்றத்தைத் திறந்து ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"இன்றிரவு விளக்கு விடிய விடிய எரியும். லுதிவினா இல்லத்தில். அளிப்பவர், பிரான்சிஸ்கா அபெல்யானோ."

விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மரிசெல் கண்ணாடி விளக்கை எடுத்துக்கொண்டு முன்னே ஓடினாள். தோரோ கட்டிக்கொடுத்தான். நான் வெளியே மற்றவர்களோடு ஓலைக் கூரையின் கீழே நின்றேன். ஆர்செனியோ இரண்டு முறை போய் ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு வந்தான்.

விடிவதற்குச் சற்று முன்னால் பெண் குழந்தை. சிறியது. நல்ல குரல்.

அறிவிப்பைக் கேட்டு வடமுனையிலிருந்து மழையிலேயே எல்லாரும் வந்திருந்தார்கள். பழைய மெல்லிய துணி, சுடுதண்ணீர்ப் பானை, கால் கட்டிய ஒரு கோழி. ஒருவர் கையிலும் மெழுகுவர்த்தி இல்லை.