கோடு விழாத ராகி

உன் எக்ஸ்ரே பிலிமை இன்றைக்கு மறுபடி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரம் மஞ்சளித்துவிட்டது. வரிசை வரிசையாக உன் ராகிச் செடிகளின் மரபணுக் கோடுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

குலைநோய் வந்தால் கதிரின் கழுத்து கருகி, மணி பதராகிவிடும். அதைத் தாங்கும் செடியை நாற்றிலேயே, ஒரு துண்டு இலையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று இந்தக் கோடுகளை நம்பினாய். நாம் வேலை பார்த்த ஓசூர் விதைக் கம்பெனியின் இருட்டறையில் பிலிமைக் கழுவும்போது என்னிடம் சொல்வாய்: "ஏய், கோடு இருந்தா நல்லதுன்னு நெனச்சிடாதடி. இது நோவு வாங்குற ரகத்தோட கோடு. விழாததுதான் தாங்கும்."

நீ மஞ்சள் காமாலையில் கிடந்தபோது டைரக்டர் உன் மேஜையைத் திறந்து பிலிமை எடுத்தான். குலைநோய் தாங்கும் ராகியை உத்தனப்பள்ளி வயலில் வளர்த்துப் பெரிய மனிதர்களுக்குக் காட்ட வேண்டுமாம். எல்லாம் தான் செய்த வேலை என்று என் முன்னாலேயே சொன்னான். "அவ பேரு சார்?" என்றேன்.

"படுத்திருக்கிற பொண்ணு பேரு இப்ப எதுக்கும்மா?" என்றான்.

அந்த வாரமே நீ போய்விட்டாய். அடக்கத்துக்குக்கூட அவன் வரவில்லை.

பிலிமில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தான். கோடு விழுந்த செடிகளாகப் பார்த்துப் பார்த்து வட்டம். அவற்றின் விதையையே வயல் முழுக்க விதைக்க வைத்தான். அவன் என்னைக் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. கதிர் வரும் நேரத்தில் பனியும் தூறலும் பிடித்துக்கொண்டன. விருந்தாளிகள் ஜீப்பை விட்டு இறங்கியபோது வயல் முழுக்கக் கழுத்தொடிந்து நின்றது. ஒருவர் கதிரைக் கசக்கி ஊதினார். "ஏனூ இல்வல்ல", ஒன்றுமே இல்லையே என்று கன்னடத்தில் சொல்லி வெறுங்கையை அவனிடம் காட்டினார். அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன். அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவன் கசக்கி எறிந்த பிலிமை நான் எடுத்துக்கொண்டேன்.

கோடு விழாத செடியின் விதை ஒரு கைப்பிடி என்னிடம் இருந்தது. பேரிகை ஊரில் என் அண்ணன் நிலத்தில் அது பெருகி, எந்தப் பனிக்கும் அசையாமல் நிற்கிறது. போன வாரம் அந்த டைரக்டரே அங்கே தேடி வந்தான். சொந்த நிலத்தில் போட்ட ராகியெல்லாம் குலைநோயில் போய்விட்டதாம்.

"ஒரு படி விதை குடும்மா."

"இது யாரு பண்ண ராகி சார்?"

களம் நிறைய ஆட்கள். தலையைக் குனிந்துகொண்டு உன் பேரைச் சொன்னான்.

"கேக்கல சார்."

உரக்கச் சொன்னான்.

"விதை இல்லீங்க சார்" என்றேன். விதை மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன்.

நீ இருந்திருந்தால் கொடுத்திருப்பாய். அது தெரிந்துதான் உன்னை ஏறி மிதித்தான். நான் நீ இல்லையடி.