குபத் பெயரில் ஒரு ஃபோல்டர்

அல்மாட்டி, வியாழன்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே ஒரு கூத்து. ஆபீஸில் தம்பி வேலை பார்த்த பழைய கம்ப்யூட்டரைக் கழற்றியதும் எங்கள் புரோகிராம் ஓட மறுத்துவிட்டது. "என்ன மீரிம், எதை உடைச்சே?" என்று ஒரே கேலி. திறந்து பார்த்தேன். எந்தக் கோப்பை எங்கிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும் என்று முதல் வரியில் எழுதியிருந்தது நம் குபத். பொது இடத்தைச் சொல்லாமல் தன் சொந்த ஃபோல்டரைச் சொல்லியிருக்கிறான், சோம்பேறி. 'குபத் என்ற ஃபோல்டர் இல்லை' என்று திரையில் நின்றது. கேலி அடங்கிவிட்டது.

"அந்த வரியை மாத்திடும்மா," என்றார் மேலாளர் தாலாய் அண்ணன், மெதுவாக.

மாற்ற முடியவில்லை. எல்லாக் கம்ப்யூட்டரிலும் தம்பி பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அந்தக் கோப்பை அதில் வைத்தேன். இப்போது ஓடுகிறது.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் டிரைவரிடமே கொஞ்சம் குருத், அந்தக் காய்ந்த தயிர் உருண்டை, கொடுத்தனுப்புங்கள், இங்கே கிடைப்பதில் புளிப்பே இல்லை. தம்பியுடைய கம்பளித் தொப்பியையும். குளிருக்குத்தான்.

வண்டி கிளம்புகிறது, ஹாரன் அடிக்கிறார். செத்தவனுக்கு எதற்கு தினமும் ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றி வைக்கிறீர்கள் என்று போனில் உங்களிடம் கத்தினேனே. ஊற்றுங்கள் அம்மா.

மீரிம்