சுவத்துல அடங்காத பூ

ஆடி 9, வெள்ளி

காத்து. வெயில் இல்ல. முட்டி வலி, தைலம் தீர்ந்துடுச்சு, வாங்கணும்.

அரக்கோணம் பங்களா பூவை சூளையில அடுக்கியாச்சு. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், இப்ப கல்யாண மண்டபமா மாத்தறாங்க. மாடி விளிம்பு முழுக்க சுட்ட மண்ணுல பூ. பாதி உடைஞ்சு விழுந்துடுச்சு, அந்த இடைவெளிக்கு நாங்க செஞ்சு தரணும். சரியா வரலைன்னா ஃபைபர்ல ஊத்திக்கறோம்னு இன்ஜினியர் பொண்ணு முதல்லயே சொல்லிட்டா. மரியாதையாத்தான் சொன்னா.

பாவா இன்னிக்கும் பேசலை. அக்கா புருஷன்; அக்கா செத்துப் போனப்புறம் அவருக்கு இந்தப் பட்டறைதான் வீடு. "இந்த ஆர்டரோட நிறுத்திக்கலாம் பாவா, உடம்பு முடியல"ன்னேன். அவ்ளோதான். அன்னியிலிருந்து எல்லாம் தேவகி வழியா. மண்ணு மிதிக்க வந்தவ, பாவம், தபால்காரி வேலையும் பார்க்கிறா. அவரை நைனான்னு கூப்பிடுவா.

"அம்மா, விறகு சொல்லிட்டீங்களான்னு நைனா கேக்குறாரு."

"சொல்லியாச்சுன்னு சொல்லு."

அவர் நாலடி தள்ளித்தான் நின்னுகினு இருந்தார்.

அடுக்கும்போது பூ கொஞ்சம் அதிகமாவே பெருசாத் தெரிஞ்சது. பாவாவைக் கேட்கலாம்னு வாய் வரைக்கும் வந்தது. தேவகி சாப்பிடப் போயிருந்தா. விட்டுட்டேன்.

ஆடி 11, ஞாயிறு

சூளை எரியுது. ரோடு முழுக்க காவடிக் கூட்டம், கனகம்மாசத்திரத்துக்கு இந்தப் பக்கம் பஸ்ஸே நகரலையாம். தைலம் வாங்கப் போகலை.

மாதிரிக்குக் கொடுத்த பழைய பூ வீட்ல என் மேஜை மேலதான் இருக்கு. முதுகுல கம்பெனி பேர் அழுத்தியிருக்கு, ஏதோ இங்கிலீஷ்காரன். இன்ஜினியர் பொண்ணு அவன் கதையைச் சொன்னா. முதல்ல சாக்கடைக் குழாய்தான் பண்ணானாம். அப்புறம் பூந்தொட்டி, அப்புறம் பூ, சிங்க முகம், கலர் ஓடு. கப்பல் ஏத்தி நம்ம ஊர் வரைக்கும் அனுப்பியிருக்கான். கடைசியில கூட்டாளியோட சண்டை. சூளையை இழுத்து மூடிட்டாங்க.

நாங்களும் கூரை ஓட்டுலதான் ஆரம்பிச்சோம். இப்ப ரிசார்ட்டுக்கு குதிரைத் தலை. அவனுக்கும் கடைசிக் காலத்துல முட்டி வலிச்சிருக்கும்.

பாவா சூளைகிட்டயே கட்டில் போட்டுகினு கிடக்கார். டீ கொண்டு போய் வச்சேன். குடிச்சார். ஒரு வார்த்தை இல்ல. கோபமா வருது.

ஆடி 14, புதன்

திறந்தாச்சு. ஒரு விரிசல் இல்ல. நிறம் பழசு மாதிரியே. லோடு ஆட்டோல வைக்கோல் போட்டு அரக்கோணம் எடுத்துகினு போனோம்.

கொத்தனார் சாரத்துல ஏறி வச்சுப் பார்த்தார். அடங்கலை. இன்னொண்ணு. அதுவும் அடங்கலை. எல்லாமே பெருசு.

"இடிச்சு இடம் பண்ணா பழசும் விழுந்துடும்மா"ன்னார்.

சுட்டா மண்ணு சுருங்கும். பன்னெண்டு அங்குலப் பூ வேணும்னா பதிமூணு அங்குலத்துக்குப் பண்ணணும். எப்பவும் நான் நேர் அளவுல படம் போடுவேன், அச்சு வெட்டும்போது பாவா சுருக்கத்தைச் சேர்ப்பார். இந்தத் தடவை அவர்கிட்ட எதுக்குப் பேச்சுன்னு நானே சேர்த்துப் போட்டு, தேவகி கையில கொடுத்தனுப்பினேன்.

ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் திறக்கணும், ஆடிக்குள்ள வரலைன்னா ஃபைபர்தான் மேடம்னா அந்தப் பொண்ணு. போட்டுக்கோம்மான்னு சொல்லிடலாம் போல இருந்தது. அவ்ளோ அலுப்பு.

திரும்பி வரும்போது பாவா மடியில ஒரு பூ. ரயில்வே கேட்ல வண்டி நின்னது.

"எவ்ளோ சேர்த்த?"

"ஒரு அங்குலம்."

"நானும்."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் அழுகை. டிரைவர் கண்ணாடியில பார்த்துட்டுப் பாட்டு சத்தத்தைக் கூட்டினான்.

ஆடி 16, வெள்ளி

புது அச்சு. பாவா வெட்ட, நான் பக்கத்துலயே ஸ்கேலோட. "பழசைக் கொண்டா, வச்சுப் பார்த்துக்கலாம்"ன்னார். கொண்டு வந்தேன்.

விறகு. சாக்கு. தேவகிக்கு ரெண்டு நாள் லீவு. தைலம் (மறுபடியும் மறந்தேன்).

தேவகி: "அப்பாடா, இனிமே நீங்களே பேசிக்கோங்க."

ஆடி 30, வெள்ளி

அடங்கிடுச்சு. வரிசையா. கொத்தனார் ஒவ்வொண்ணா தட்டித் தட்டி வச்சார், ஒரு நூல் பிசகலை. நானும் பாவாவும் கீழ நின்னு அண்ணாந்து பார்த்துகினே இருந்தோம், கழுத்து வலிக்கிற வரைக்கும்.

ஸ்டேஷன் பக்கம் இன்னொரு பங்களா இருக்கு, அதையும் நீங்களே பண்ணித் தாங்கன்னா அந்தப் பொண்ணு. நான் வாய் திறக்கறதுக்குள்ள பாவா சொல்லிட்டார்.

"இல்லம்மா, இதோட போதும். அவளுக்கு முட்டி முடியல."

நான் சொன்னதுதான். நான் கேட்டதுதான். அவர் வாயால வந்ததும் தாங்கல. பஸ்ல ஜன்னல் பக்கமே திரும்பிகினு வந்தேன். பேசாம இருந்தப்போகூட இவ்ளோ வலிக்கலை.

ஆவணி 2, திங்கள்

மழை. தைலம் வாங்கியாச்சு.

பட்டறைக்குப் போனேன். வேலை ஒண்ணும் இல்ல, சும்மாதான். பாவா அச்சையெல்லாம் துடைச்சு சாக்குல சுத்திகினு இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னார், தப்பு பண்ணவர் மாதிரி. "மழையில எதுக்கு வந்த?"ன்னார்.

அப்பத்தான் போன். இன்ஜினியர் பொண்ணு. "ஐயா அன்னிக்கு வேணாம்னுட்டார். நீங்க என்ன மேடம் சொல்றீங்க?"

பாவாவைக் கேட்டுட்டு சொல்றேன்னேன்.