ஒரு கிளாஸ் ஒயின்

ஜெலுத்தோங், பினாங்கு
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மருமகள் சந்திரிகாவுக்கு,

மாமா நல்லமுத்து எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் என் வாயில் சமாளிப்புதான் வரும். அதனால் எழுதி மகன் யுகேந்திரனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் வேலைக்குப் போகிறான், நேரத்துக்குச் சாப்பிடுகிறான். என்னோடு மட்டும் பேசுவதில்லை.

உன் பதவி உயர்வுக்கு ஆபீசில் கொடுத்த சிவப்பு ஒயினை அந்தச் சனிக்கிழமை நீயும் அவனும் ஆளுக்கு ஒரு கிளாஸ் குடித்தீர்கள். மறுநாள் உன்னால் தலையைத் தூக்க முடியவில்லை. விருந்துக்கு வந்திருந்த என் அக்கா குடும்பம் உன்னைக் கேட்டது. நான் அவர்கள் பார்க்க உன் அறைக்குள் போய், சன்னல் திரையை விலக்கி, "பாருங்க, புது மேனேஜர் குடிச்சிட்டுக் கெடக்குறாங்க" என்றேன். நீ கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஒரு கிளாஸ்தான் மாமா, சத்தியமா" என்றாய். "நாப்பது வருசமா குடிக்கிறவன்கிட்ட கதை விடாத லா. அவனுந்தானே குடிச்சான், நல்லாத்தானே நிக்கிறான்?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்று மாலையே நீ தாசேக் கெலுகோருக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய்.

அடுத்த சனிக்கிழமை ஐஸ்பெட்டியில் அந்தப் பாட்டிலைப் பார்த்தேன். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வீணாகப் போகிறதே என்று ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்தேன். பியருக்குப் பழகிய உடம்பு, ஒயினைத் தொட்டதில்லை. காலையில் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்தன. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வாந்தி எடுத்தேன். உன் அத்தை திரையை மூடினாள், கோப்பி போட்டுக் கொடுத்தாள், வந்தவர்களிடம் எனக்குப் பித்தம் என்று சொன்னாள். என்னைக் குடிகாரன் என்று ஒருவரும் சொல்லவில்லை. உண்மையில் இந்த வீட்டில் குடிகாரன் நான்தான்.

கிளினிக்குப் போனேன். சிவப்பு ஒயினைத் திராட்சைத் தோலோடு ஊறவைப்பார்களாம். அந்தத் தோலில் உள்ள ஏதோ ஒன்று, குடித்ததை உடம்பு முறிக்கும் வேலையைச் சிலருக்குத் தடுத்துவிடலாமாம். ஆராய்ச்சி இன்னும் முடியவில்லையாம். ஆனால் இந்தத் தலைவலிக்கு ஒரு கிளாஸே போதும், ஒருவருக்கு வருவது இன்னொருவருக்கு வராது என்றார் டாக்டரம்மா. அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "ஒங்க தப்பு இல்ல அங்கிள்" என்றார். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேற்று அக்காவுக்குப் போன் செய்து, சந்திரிகா சொன்னது உண்மை, நான்தான் அவளைக் கேவலப்படுத்தினேன் என்று சொன்னேன். "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டோம் லா" என்றார். சிரித்தவர்களுக்கு மறந்துவிடும்.

திரும்பி வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. நீங்கள் வேறு வீடு பார்த்துப் போக நினைத்தாலும் போங்கள், சாமான் ஏற்ற நான் வருகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நடந்ததை உன் அம்மாவிடம் நீ இன்னும் சொல்லவில்லை என்று யுகேந்திரன் அவன் அம்மாவிடம் பேசும்போது காதில் விழுந்தது. லீவு எடுத்திருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாயாம். ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வருகிறேன். அதற்குள் நீயே சொல்லிவிடம்மா. ஒன்றும் தெரியாமல் உன் அம்மா என்னை "வாங்க சம்பந்தி" என்று கூப்பிட்டு உட்காரவைத்தால், என்னால் தாங்க முடியாது.

நீ நல்லா இருக்கணும்.

உன் மாமா,
நல்லமுத்து